இழுத்துக் கட்டிய எஃகு நாடா

100 மி.மீ. விட்டமுள்ள எஃகு ரவுண்டு ஒன்று பேண்ட்சாவில் அறுபட்டு விழுந்ததும், தேர்ந்த ஆபரேட்டரின் கண் முதலில் போவது வெட்டுமுகத்துக்கு. நீளத்தை அளப்பதெல்லாம் அப்புறம். துண்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்கிறார். பற்கள் போன தடம் மெல்லிய கோடுகளாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே ஆழத்தில் ஓடியிருக்க வேண்டும். பிறகு ஸ்டீல் ரூலின் ஓரத்தை முகத்தின் மேல் மேலிருந்து கீழாக வைக்கிறார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வெட்டு உள்வாங்கியிருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் கசிந்தால் வயிறு தள்ளியிருக்கிறது. கடைசியாக ட்ரை ஸ்கொயர். மூன்றிலும் தேறிய வெட்டுமுகம் பார்க்கவே அழகு. லேத்தில் ஃபேசிங் எடுத்த பளபளப்பு அதில் இருக்காது. ஒரு மெல்லிய நாடா கனத்த எஃகின் ஊடே சில நிமிடங்கள் பயணம் செய்து, புறப்பட்ட தளத்தை விட்டு நகராமல் அடிவரை வந்து சேர்ந்த சுவடுதான் அதன் அழகு.

மெஷினிலிருந்து கழற்றிய பிளேடைப் பார்த்தால், இத்தனை நேர்மை அதற்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பாக இருக்கும். நடுத்தர மெஷின்களில் வழக்கமாக ஓடுவது 27 மி.மீ. அகலமும் 0.9 மி.மீ. தடிமனும் உள்ள பிளேடு. மூன்று வளையமாக மடித்து ஆணியில் மாட்டிவிடலாம். கையில் எடுத்தால் துவளும். பிடி நழுவினால் துள்ளி விரிந்து ஆளைப் பதம் பார்க்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளுக்கு நடுவே இந்த பிளேடு தளர்வாகக் கிடக்கும்போது, அதன் மையத்தைப் பக்கவாட்டில் 1 மி.மீ. தள்ள 60 கிராம் எடையளவு விசை போதும். அதையே முறையாக இழுத்துக் கட்டிவிட்டால், அதே 1 மி.மீ.க்கு ஆறரை கிலோ வேண்டும். நூறு மடங்குக்கு மேல்! உலோகம் அதேதான், அளவும் அதேதான். கூடியது இழுவிசை மட்டும்.

ஆகவே பேண்ட்சாவின் நேர்வெட்டு பிளேடு விற்கும் கடையில் கிடைப்பதில்லை. அதை மெஷினில் ஏற்றும் கைதான் அதைத் தருகிறது. அந்தக் கைக்கு மூன்று வேலை: டென்ஷன் ஏற்றுவது, பிளேடை வீலில் அதன் தடத்தில் ஓடவைப்பது, கைடு பேரிங்குகளை அதன் இருபுறமும் அண்டக் கொடுப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. டென்ஷன் கூடினால் வீலின் சாய்வு இம்மியளவு மாறும், தடம் நகரும். தடம் நகர்ந்தால் கைடில் பிளேடு உட்காரும் இடம் மாறும். கைடிலிருந்து தொடங்குகிறவர் சாயங்காலம் வரை தன் திருத்தத்தைத் தானே துரத்திக்கொண்டிருப்பார். பிளேடு மாற்றியதும் பேரிங்குகளை முழுவதும் விலக்கிவிட்டு, அவை இல்லாத மெஷின் என்றே எண்ணிக்கொண்டு முதல் இரண்டு வேலைகளையும் முடித்து, அதன் பிறகே ஸ்பேனரைக் கைடு பக்கம் கொண்டுபோகிற ஆபரேட்டரைப் பார்த்தால், அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நல்லவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

வட்டமாகச் சுற்றும் ரம்ப நாடா என்ற யோசனைக்கு இருநூறு வயதுக்கு மேல். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை சரியாக இருந்தும் பிளேடு தாங்கவில்லை. இரண்டு முனைகளையும் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. அது பிழைத்தால் வேறோர் இடத்தில் நாடாவே அற்றது. அடுத்த நாற்பதாண்டுக் காலம் அந்த மெஷின் காகிதத்திலேயே கிடந்தது என்று சொல்லலாம். 1846இல் பிரான்ஸில் ஆன் போலின் க்ரெப்பின் என்ற பெண்மணி முனைகளை இணைக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸின் பெரின் நிறுவனம் அதை வாங்கி, பிளேடு எஃகையும் மேம்படுத்திய பிறகுதான் மர ஆலைகளுக்குள் பேண்ட்சா நுழைந்தது.

அந்த முதல் பிளேடுகள் ஏன் அறுந்தன என்பதைப் புரிந்துகொண்டவருக்கு டென்ஷன் என்ற விஷயத்தில் பாதி விளங்கிவிடும். ஓடும் பிளேடு ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. 3 மீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 20 சுற்று. சுற்றுக்கு இரண்டு வீல், ஆக 40 வளைவு. எட்டு மணி நேர ஷிஃப்டில் 19,200 முறை. ஒவ்வொரு முறையும் பிளேடின் வெளிப்புறத் தோல் நீள்கிறது, உட்புறத் தோல் சுருங்குகிறது. 400 மி.மீ. வீலில் 0.9 மி.மீ. பிளேடு வளையும்போது அந்தத் தோலில் எழும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 460 நியூட்டன் அளவில் இருக்கும். டென்ஷன் திருகைச் சுற்றி ஏற்றுவது சுமார் 200தான். அதாவது பிளேடைக் களைப்படையச் செய்வதில் பெரிய பங்கு வளைவுக்கு. டென்ஷன் அதன் தலைமேல் உட்காரும் கூடுதல் பாரம்.

உலகமெங்கும் சிறு பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் பல பெயர்ப்பலகைகளோடு விற்கும் ஒரு குட்டி மெஷின் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதை அதன் வெட்டும் கொள்ளளவை வைத்து 'நாலுக்கு ஆறு' என்பார்கள். அரை அங்குல அகலம், 64½ அங்குல நீளம், 0.65 மி.மீ. தடிமன் என்பது அதன் பிளேடு. கப்பியில் பெல்ட்டை மாற்றினால் மூன்று வேகம்: நிமிடத்துக்கு 80, 120, 200 அடி. வீலின் விட்டமோ 190 மி.மீ.கூட இல்லை. வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிளேடு தடிமன் போகக் கூடாது என்பது பழைய விதி. அந்த விதிப்படி இதற்கு 0.19 மி.மீ. பிளேடுதான் ஆகும், அப்படிப்பட்ட பிளேடால் எஃகை அறுக்க முடியாது. எனவே விதியை மூன்று மடங்குக்கும் மேலே மீறித்தான் அது ஓடுகிறது. வளைவுத் தகைவு 700ஐத் தாண்டுகிறது. அந்த மெஷின்களில் பல் பள்ளத்தின் அடியிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்புவது இதனால்தான். வெட்டு கோணினால் உடனே டென்ஷன் குமிழைப் பிடித்து முழு பலத்தோடு திருகுகிறவர், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உலோகத்தின் மேல் இன்னும் சுமை வைக்கிறார்.

சரி, எவ்வளவுதான் முறுக்குவது?

இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த பைமெட்டல் பிளேடுகளே இன்று பெருவழக்கு. முதுகு முழுவதும் வில் எஃகு. பல் முனையில் மட்டும் எம்42 என்ற ஹைஸ்பீடு ஸ்டீல் கம்பி, எலெக்ட்ரான் கற்றையால் ஒட்டவைக்கப்பட்டது. எம்42இல் 8 சதவீதம் கோபால்ட். பல் உக்கிரமான கடினம், முதுகு நன்றாக வளைந்து கொடுக்கும். இந்த வகைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 170 முதல் 240 நியூட்டன் வரை இழுவிசை வைப்பது பொதுவான வழக்கம். சில தயாரிப்பாளர்கள் இன்னும் மேலே போகச் சொல்கிறார்கள். வெறும் கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. 27 x 0.9 பிளேடின் குறுக்குப் பரப்பு 24.3 சதுர மி.மீ. அதில் 200 வைத்தால் 4,860 நியூட்டன். ஏறக்குறைய அரை டன். மேலே ஓர் இழை, கீழே ஓர் இழை என்று இரண்டும் சேர்ந்து இழுப்பதால் வீலின் அச்சு தாங்குவது ஒரு டன். அமைதியாக நிற்கும் பேண்ட்சாவின் கவருக்குள் ஒரு டன் இழுவிசை பதுங்கியிருக்கிறது. மெஷினின் சட்டம் இவ்வளவு கனமாக வார்க்கப்பட்டிருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இதை அளக்க டயல் பொருத்திய டென்ஷன் கேஜ் உண்டு. பிளேடின் மேல் இரண்டு இடத்தில் கவ்வி நிற்கும்; பிளேடு நீளும் அளவை முள் தகைவாகக் காட்டும். அது இல்லாத பட்டறையில் வெர்னியர் காலிபரே போதும். ஐடிஐயில் முதல் ஆண்டுப் பாடமாகப் பிடித்த அதே 0.02 மி.மீ. வெர்னியர்தான். எஃகு எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது மாறாத உறவு: நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால் அதற்குள் இருக்கும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 205 நியூட்டன். பிளேடை வளைவு போகும் அளவுக்கு மட்டும் லேசாக இழுத்துக்கொண்டு, வெர்னியரின் இரு தாடைகளையும் 200 மி.மீ. இடைவெளியில் சிறு கிளாம்புகளால் பிளேடோடு பிணைத்துவிட வேண்டும். நகரும் தாடையின் பூட்டுத் திருகைத் தளர்த்தியே வைத்திருக்க வேண்டும். பிறகு டென்ஷன் திருகு. வெர்னியர் 0.2 மி.மீ. கூடுதலாகக் காட்டும்போது, அதாவது பத்துப் பிரிவு நகரும்போது, நிறுத்திவிடலாம். திருகு எத்தனை சுற்று போனது, கைப்பிடி எவ்வளவு இறுகியது என்பதை அப்போதே மனத்தில் பதித்துக்கொண்டால் அடுத்த முறை கிளாம்பு தேவைப்படாது. கைப்பழக்கம் என்று சொல்லப்படுவதற்கு இப்படி ஓர் அளவு அடியில் இருந்தால்தான் அது நம்பத்தக்கது.

இன்னொரு வழி காது. நிறுத்திய மெஷினில் பிளேடை விரலால் சுண்டிப் பார்க்கிற பழைய ஆபரேட்டர்கள் உண்டு. புதிதாக வந்த இன்ஜினியர்களுக்கு இது மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். உண்மையில் இது பெளதிகம். பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636இல் வெளியிட்ட தந்தி விதியின்படி சுருதி என்பது நீளம், இழுவிசை, எடை மூன்றையும் பொறுத்தது. பிளேடு அகலமானால் எடை கூடும். அதே தகைவில் இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே அகலம் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது தகைவும் தடையில்லாத நீளமும் மட்டும். 40 செ.மீ. நீளம் தடையின்றி அதிரக் கிடைத்து, தகைவு 200 நியூட்டனாக இருந்தால் பிளேடு விநாடிக்கு 200 முறை அதிரும். கர்நாடக சங்கீதத்தில் பாடகிகள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டை சுருதியை அது நெருங்குகிறது! தகைவு பாதியாகக் குறைந்தால் சுருதி பாதியாவதில்லை. 141க்கு, ஏறக்குறைய ஒன்றரைக் கட்டைக்கு இறங்கும். தம்புராவின் பஞ்சமம் சற்றே இறங்கினாலும் முகம் சுளிக்கிற காது, பட்டறையில் இந்த வித்தியாசத்தைத் தவறவிடாது. பிளேடின் ஒலி தந்தியின் ஒலிபோல நீண்டு கார்வையாக ஒலிக்காது, மொட்டையாக அடங்கிவிடும். அதனால் சிலர் கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து பக்கத்தில் பிடிக்கிறார்கள். அந்தந்த மெஷினில் ஒரு முறை கேஜோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும், சுண்டல் நல்ல அளவுகோல்தான்.

டென்ஷன் நின்றதும் தடம். மரம் அறுக்கும் பேண்ட்சாவின் வீல் விளிம்பு நடுவில் லேசாக மேடு தட்டி, ரப்பர் போர்த்தியிருக்கும். நாடா தானாகவே மேட்டைத் தேடி ஏறி நடுவில் நின்றுகொள்ளும். உலோகம் அறுக்கும் வீல் அப்படியல்ல. தட்டையான இரும்பு, உள்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு வரம்பு எழும்பியிருக்கும். பிளேடின் முதுகு அந்த வரம்பை ஒட்டினாற்போல், ஆனால் அதில் அழுந்தாமல் ஓட வேண்டும். பற்கள் வீலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடமும் வலமுமாக மடித்துவிட்ட பல் வரிசை வீலில் பட்டு நசுங்கும். டென்ஷன் வீலின் அச்சைத் தாங்கும் திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று அசைத்து வீலைச் சாய்த்தே இதைச் சாதிக்கிறார்கள். ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் பிளேடைச் சில சுற்று ஓடவிட்டுத்தான் பலன் தெரியும். பொறுமை இல்லாதவர் அதற்குள் இன்னொரு கால் சுற்று கொடுத்துவிடுவார். பிளேடு வரம்பைத் தாண்டி எகிறும்.

முதுகு வரம்பில் அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு காகிதக் கீற்று போதும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளேடு வீலில் ஏறும் இடத்தில், முதுகுக்கும் வரம்புக்கும் நடுவே போகும்படி காகிதத்தைக் கொடுத்து, வீலைக் கையால் சுற்ற வேண்டும். மறுபக்கம் காகிதம் இரண்டாக வெட்டுப்பட்டு வந்தால் பிளேடு வரம்பைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. மடிப்புத் தடம் மட்டும் விழுந்து முழுசாக வந்தால் சரி. இத்தனை விலைமிக்க மெஷினின் உடல்நலத்தைப் பழைய டெலிவரி சலானின் ஓரம் ஒன்று சொல்லிவிடுகிறது! காகிதம் கிடைக்காத நேரத்தில் பிளேடின் முதுகைத் தடவிப் பார்த்தாலே தெரியும். பளபளவென்று தேய்ந்து, ஓரம் உதடு விரித்திருந்தால் வரம்போடு நெடுநாள் சண்டை நடந்திருக்கிறது. முதுகிலிருந்து கிளம்பும் விரிசல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

மூன்றாவது வேலையான கைடில்தான் ரசனைக்கு அதிக இடம். படுக்கை வகை மெஷினில் வீல்கள் சாய்ந்து நிற்கும். வெட்டும் இடத்தில் மட்டும் பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். அதை முறுக்கி நிமிர்த்துவது கைடு. பிளேடின் இருபுறமும் ஒவ்வொரு பேரிங், முதுகுக்கு ஒரு பேரிங். பெரிய மெஷின்களில் பேரிங்கோடு கார்பைடு பட்டைகளும் சேரும். பக்கப் பேரிங்குகளில் ஒன்று மையம் விலகிய புஷ்ஷின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைத் திருப்பத் திருப்ப பேரிங் பிளேடை நெருங்கும். எவ்வளவு நெருக்கம்? 0.02, 0.03 மி.மீ. வரை, தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. இரண்டு பேரிங்குகளும் பிளேடைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கையால் பேரிங்கைத் திருப்பினால் பிளேடை நகர்த்தாமல் பேரிங் மட்டும் வழுக்கிச் சுற்ற வேண்டும். முதுகுப் பேரிங்குக்கு இதைவிடச் சற்றுத் தாராளம் தரலாம். அறுக்கும்போது மட்டும் பிளேடு பின்வாங்கி அதில் சாய்ந்தால் போதும். பக்கப் பேரிங்கின் விளிம்பு பல் பள்ளத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதை மறந்தவர் ஒரு பக்கத்துப் பற்களின் மடிப்பை நசுக்கிவிடுவார். அதன் பிறகு எவ்வளவு டென்ஷன் ஏற்றினாலும் பிளேடு மறுபக்கமே இழுக்கும்.

கைடு கைகளை ஜாபுக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் கொண்டுவர வேண்டும். 50 மி.மீ. ராடை அறுக்கும்போதும் நேற்று அறுத்த பெரிய ரவுண்டுக்குத் திறந்துவைத்த அகலத்திலேயே கைடை விட்டுவைப்பது, பட்டறைகளில் மிகச் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் அசிரத்தை. இடைவெளி பாதியானால் பக்கவாட்டு விறைப்பு இரு மடங்காகிறது. வெட்டும் திசையில் அது எட்டு மடங்கு வரை போகிறது, ஏனென்றால் உத்தரத்தின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஒரு பூட்டுத் திருகைத் தளர்த்திக் கையை நகர்த்தினால் எட்டு மடங்கு! பேண்ட்சாவில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் லாபம் வேறில்லை.

கைடு சரியாக நின்றதா என்பதை மெஷினைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு துண்டு அறுத்தே பார்க்க வேண்டும். அறுத்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு துண்டை மட்டும் அதன் அச்சில் 180 பாகை திருப்பினால் கோணல் இரட்டிப்பாகித் தெரியும். முகங்கள் இடைவெளியின்றி அப்பிக்கொண்டால் வேலை முடிந்தது. முதல் வெட்டுக்குப் பிறகு ராடையே 180 பாகை திருப்பி மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து, மேலும் கீழும் இடமும் வலமும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பவர்களும் உண்டு. மேல் கீழ் அளவு வேறுபட்டால் கைடின் முறுக்கு கோணம் தவறு. இடம் வலம் வேறுபட்டால் குற்றம் பெரும்பாலும் வைஸில் இருக்கும், பிளேடைத் தொடவே வேண்டாம்.

கோவையின் பம்ப், மோட்டார் தொழிற்கூடங்களில் ஷாஃப்ட்டுக்கான ராடுகள் பேண்ட்சாவில் துண்டாகி லேத்துக்குப் போகின்றன. 'கட்டிங் கிராஸா போகுது' என்று லேத்காரர் குறை சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு காசுக் கணக்கு இருக்கிறது. 50 மி.மீ. ராடில் ஒரு மில்லிமீட்டர் கிராஸுக்காக ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அறுத்தால் துண்டுக்கு 15 கிராம் எஃகு சிப்ஸாகிப் போகும். ஆயிரம் துண்டில் 15 கிலோ, அதை உரிக்க லேத் செலவிடும் நேரம் தனி. கைடு கை நகர்த்தாத அலட்சியத்தின் விலை இது.

பல் தேர்வைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் எந்நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும். மெல்லிய குழாயில் பெரிய பல் பிளேடை இறக்கினால் பல் மாட்டிக்கொண்டு உடையும். சம இடைவெளியில் பல் அமைந்தால் அதிர்வு ஒரே தாளத்தில் கூடிக் கூடிக் கீச்சிடும் என்பதால்தான் நெருக்கமும் விரிவுமாக மாறி வரும் பல் வரிசை வந்தது. சிப்ஸைப் பார்த்தாலே மீதி தெரியும்: வெள்ளிச் சுருளாக விழுந்தால் நல்லது, நீலம் பாரித்தால் சூடு அதிகம், மாவாக உதிர்ந்தால் பல் அறுக்காமல் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

ஓடும் மெஷினின் ஒலியிலும் டென்ஷனும் கைடும் பேசும். மூன்று விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டால், 3 மீட்டர் பிளேடு 60 மீட்டர் வேகத்தில் ஒரு சுற்று முடிக்கும் நேரம் அது. பிளேடில் ஏதோ ஓரிடம் கைடைக் கடக்கும்போது இடறுகிறது. வெல்டிங் மூட்டில் பிசிறு சரியாகத் தேய்க்கப்படாமல் இருக்கலாம், ஒரு பல் போயிருக்கலாம், விரிசல் தொடங்கியிருக்கலாம். மெஷினை நிறுத்திப் பார்க்க அந்த ஒரு 'டிக்' போதுமான காரணம்.

மூட்டு என்றதும் லெய்டன் வில்கியை நினைக்காமல் இருக்க முடியாது. உலோகத்தை வளைவு நெளிவாக அறுக்கும் பேண்ட்சாவை அமெரிக்காவில் 1930களில் உருவாக்கி, டூஆல் நிறுவனத்தின் மூலம் டை தயாரிக்கும் பட்டறைகளுக்குள் கொண்டுசேர்த்தவர் அவர். அந்த மெஷினின் உடம்பிலேயே சின்னதாக ஒரு பட் வெல்டர் இருந்தது. தடித்த தட்டில் ஒரு துளை போட்டு, பிளேடை அறுத்து அதற்குள் நுழைத்து, அங்கேயே பற்றவைத்து, டென்ஷன் ஏற்றி, தட்டின் உட்புறத்தை வேண்டிய வடிவில் அறுத்தெடுக்கலாம். வேலை முடிந்ததும் பிளேடை மறுபடி அறுத்து வெளியே உருவலாம். நியூபெரியைத் தோற்கடித்த அதே மூட்டு, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு மெஷினின் அன்றாடத் திறனாகிவிட்டது. கருவிகள் மேல் வில்கிக்கு இருந்த காதல் பட்டறையோடு நிற்கவில்லை. மனித இனம் கருவி செய்யத் தொடங்கிய கதையை அறிய விரும்பி ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தார். 1960இல் ஜேன் குடால் கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளைக் கவனிக்கப் போனபோது முதல் 3,000 டாலரைத் தந்தது அவருடைய அறக்கட்டளைதான். அதே ஆண்டு, ஒரு சிம்பன்சி புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டுக் கரையான்களை எடுத்துத் தின்றதை குடால் பார்த்தார். விலங்கும் கருவி செய்யும் என்று உலகம் தெரிந்துகொண்ட அந்தச் செலவுக்குப் பின்னால் பேண்ட்சா வருமானம் இருந்திருக்கிறது.

டென்ஷனை ஒருமுறை வைத்துவிட்டால் அப்படியே நிற்கும் என்று நினைப்பதும் தவறு. அறுக்க அறுக்க பிளேடு சூடாகும், நீளும். வீல்கள் அசையாத மெஷினில் பிளேடு முழுவதும் 20 பாகை சூடேறினால் தகைவில் சுமார் 49 நியூட்டன் கரைந்துபோகும். வைத்த 200இல் கால் பங்கு. தட்டு ஸ்பிரிங்குகள் அடுக்கிய டென்ஷன் அமைப்பும் ஹைட்ராலிக் அமைப்பும் இந்த நீட்சியைத் தாமே உள்வாங்கிக்கொள்ளும். வெறும் திருகு மட்டும் உள்ள மெஷினில் ஆபரேட்டர்தான் அதைச் செய்ய வேண்டும்: முதல் சில வெட்டுக்குப் பிறகு நிறுத்திச் சுண்டிப் பார்த்து, இறங்கியதை ஏற்றுவது. கதை அங்கே பாதிதான். சூட்டில் ஏற்றிய டென்ஷனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் இரவில் பிளேடு குளிர்ந்து சுருங்கும். கரைந்த அதே 49 நியூட்டன் மேலே ஏறி உட்காரும். வீலின் மேல் வளைந்த நிலையிலேயே பிளேடு இரவு முழுக்க அந்தப் பாரத்தைத் தாங்கும். அச்சும் பேரிங்கும் அதோடு சேர்ந்து தாங்கும். அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் டென்ஷன் கைப்பிடியைச் சில சுற்று தளர்த்திவிட்டு, காலையில் வருகிறவர் பார்க்கும்படி 'டென்ஷன் லூஸ்' என்று ஒரு அட்டையை மாட்டுவது நல்ல பட்டறைகளின் வழக்கம். அட்டை முக்கியம். தளர்ந்த பிளேடை ஓடவிட்டால் முதல் வெட்டிலேயே அது வீலைவிட்டுக் கழன்றுவிடும்.

புது பிளேடுக்கு இன்னும் ஒரு சலுகை உண்டு. அதன் பல் முனை அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கும். முழு அழுத்தத்தில் இறக்கினால் அந்த நுனி பொடிந்துவிடும். வேகத்தைக் குறைக்காமல் ஃபீடை மட்டும் பாதியாக்கி, முதல் 300 முதல் 600 சதுர செ.மீ. வரை அறுக்கவிட்டால் நுனி லேசாக மழுங்கி, பிறகு பல நாள் நிலைக்கும் விளிம்பாகிவிடும். 100 மி.மீ. ரவுண்டு ஒன்றின் வெட்டுமுகம் சுமார் 78 சதுர செ.மீ. ஆகவே நாலிலிருந்து எட்டு வெட்டு. அந்த எட்டாவது வெட்டு முடிந்ததும் மெஷினை நிறுத்தி, மறுபடி ஒருமுறை பிளேடைச் சுண்டி, காகிதம் விட்டு, பக்கப் பேரிங்குகளைக் கையால் திருப்பிப் பார்க்கிறார்கள். புது பிளேடு அதற்குள் சூட்டிலும் இழுப்பிலும் தன் இடத்தில் படிந்திருக்கும்; டென்ஷன் திருகு இன்னும் கால் சுற்று கேட்கும். ஃபீடைப் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுபோவது அதன் பிறகுதான்.